பால் ராப்சன் பேச்சின் பலம் எது?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். நடவு முடித்து, காலில் சேறு காய்வதற்குள் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பெயர் பெற்ற மனிதர்கள் பலர் மேடையேறி நியாயம் பேசுகிறார்கள். பாடகர் பேசுகிறார், நடிகர் பேசுகிறார், விளையாட்டு வீரர் பேசுகிறார். சிலர் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறோம். வேறு சிலர் பேச்சோ நெஞ்சில் தைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் மேஸ்திரி முன்னால் நிற்கும்போது அந்தப் பேச்சு நம் முதுகை நிமிர்த்துகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குரலிலிருந்தா? படிப்பிலிருந்தா? புகழிலிருந்தா?

ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து இதைப் பார்ப்போம். அவர் பெயர் பால் ராப்சன். அமெரிக்காவின் கறுப்பு மக்களிடையே 1898-ல் பிறந்தவர். உலகப் புகழ் பெற்ற பாடகர், நடிகர். நிறவெறியை எதிர்த்து அவர் பேசிய பேச்சுக்கு ஒரு பெரிய வல்லரசே பயந்தது. ஏன் பயந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

விசாரணை மண்டபத்தில்

1956 ஜூன் 12-ம் தேதி. இடம் வாஷிங்டன். அமெரிக்கச் சட்டசபையின் ஒரு கமிட்டி கூடியிருக்கிறது. ‘அமெரிக்க விரோத நடவடிக்கை’களை விசாரிக்கும் கமிட்டி என்று அதற்குப் பெயர். யூனியன் ஊழியர்களையும், ஆசிரியர்களையும், எழுத்தாளர்களையும், சினிமாக்காரர்களையும் கூப்பிட்டு, “நீ கம்யூனிஸ்டா? உன்னோடு இருந்தவர்கள் யார் யார்?” என்று கேட்பதே அதன் வேலை. காட்டிக் கொடுக்க மறுத்தவர்கள் பலர் வேலையிழந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள்.

அன்று ராப்சன் முறை. அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்க சர்க்கார் ரத்து செய்துவிட்டது. ‘நான் கம்யூனிஸ்ட் அல்ல’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். என் அரசியல் அபிப்பிராயத்துக்கும், நான் வெளிநாடு போய்ப் பாடுவதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் வாதம்.

தாம் எழுதிக்கொண்டு வந்த அறிக்கையைப் படிக்க வேண்டும் என்றார். கமிட்டி அனுமதிக்கவில்லை. கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். சோவியத் நாட்டில் கால் வைத்தபோதுதான் தாம் முழு மனிதன் என்ற உணர்வை முதன்முதலாக அடைந்ததாக அவர் சொன்னார். உடனே ஓர் அங்கத்தினர் குறுக்கிட்டு, அப்படியானால் ரஷ்யாவிலேயே இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்டார்.

ராப்சன் சொன்ன பதிலைக் கேளுங்கள்: “என் தகப்பனார் ஓர் அடிமை. இந்த நாட்டைக் கட்டுவதற்கு என் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆகவே நான் இங்கேதான் இருப்பேன். உம்மைப் போலவே எனக்கும் இதில் பங்கு உண்டு. பாசிஸ மனம் படைத்த எவரும் என்னை இங்கிருந்து விரட்ட முடியாது.”

கடைசியில், நீங்கள்தான் தேசபக்தி இல்லாதவர்கள், நீங்கள்தான் அமெரிக்க விரோதிகள், வெட்கப்பட வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். தலைவர் அவசர அவசரமாகக் கூட்டத்தை ஒத்திவைத்தார். நிரந்தரமாகவே ஒத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டு ராப்சன் வெளியேறினார்.

அந்தச் சமயத்தில் மாண்ட்கோமரி என்ற ஊரில் கறுப்பு மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து, மாதக்கணக்காக வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு முன்வரிசை, கறுப்பருக்குப் பின்வரிசை என்ற அவமானத்தை எதிர்த்து நடந்த போராட்டம் அது. அப்படி நடந்து போனவர்களுக்கு ராப்சன் சொன்னதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடிமையின் மகன்

அந்தப் பதிலை நிறுத்துப் பாருங்கள் தோழர்களே! அதில் அலங்காரம் உண்டா? மேற்கோள் உண்டா? கிடையாது. அதில் இருப்பது ஒரு கணக்கு. உழைத்தவன் யார், அனுபவிக்கிறவன் யார் என்ற கணக்கு. பாடுபட்டுக் கட்டியவனைப் பார்த்து ‘வெளியே போ’ என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்ற கேள்வி. இந்தக் கணக்கு உங்களுக்கும் புரியும், எங்களுக்கும் புரியும்.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அடிமைகள் பறித்த பருத்திதான் இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளை ஓட்டியது. பஞ்சோடு பிழைக்கிற நமக்கு இது தூரத்துக் கதை அல்ல.

ராப்சனின் தகப்பனார் வில்லியம், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். 1860-ல், பதினைந்து வயதில், பண்ணையிலிருந்து தப்பி ஓடினார். படித்துப் பாதிரியாரானார். பிரின்ஸ்டன் என்ற ஊரில் மாதா கோயில் பொறுப்பில் இருந்தார். 1901-ல் அந்தப் பதவி போயிற்று. பிறகு குதிரை வண்டியில் வீடு வீடாகச் சாம்பல் அள்ளிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தாயார் அடுப்புத் தீ பற்றி 1904-ல் இறந்தபோது பையனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

பையன் ரட்கர்ஸ் கல்லூரிக்குப் போனான். அங்கே படித்த கறுப்பு மாணவர்களில் அவன் மூன்றாவது ஆள்தான். புட்பால் குழுவில் சேரப் போனபோது, வெள்ளை மாணவர்கள் அவன் மூக்கை உடைத்தார்கள். கீழே கிடந்தவன் கைமேல் ஏறி மிதித்து நகங்களைப் பெயர்த்தார்கள். அவனோ விலகவில்லை. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவனாகத் தேர்வு பெற்றான். படிப்பிலும் முதல் வரிசை. பிறகு சட்டம் படித்துப் பட்டம் பெற்று ஒரு வக்கீல் கம்பெனியில் சேர்ந்தான். கறுப்பன் சொல்லி நான் எழுதமாட்டேன் என்று அங்கிருந்த வெள்ளை ஸ்டெனோ மறுத்துவிட்டார். அந்தத் தொழிலையே விட்டு நாடகத்துக்கும் பாட்டுக்கும் வந்தார் ராப்சன்.

‘என் தகப்பனார் ஓர் அடிமை’ என்று அவர் சொன்னபோது அதற்குப் பின்னால் இவ்வளவும் நின்றது. இரவல் வாங்கிய துயரம் அல்ல. எதிரி மறுத்துப் பேச முடியாமல் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

சுரங்கத் தொழிலாளரோடு

ஆனால் துயரம் மட்டும் போதுமா? போதாது. தன் காயத்தை மட்டும் காட்டுகிறவன் பேச்சு இரக்கத்தைத்தான் உண்டாக்கும். கேட்பவன் தன் காயத்தையும் அதில் பார்க்க வேண்டும். ராப்சன் அதை ஏட்டில் படித்துக் கற்கவில்லை. லண்டன் வீதியில் கற்றார்.

1920-களின் கடைசியில் அவர் லண்டனில் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தார். பணமும் பெயரும் குவிந்தன. ஒரு நாள் வீதியில் பாட்டுச் சத்தம் கேட்டது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையில்லாமல், பசியோடு, தலைநகருக்கு நடந்தே வந்து ஊர்வலம் போகிறார்கள். நடந்துகொண்டே பாடுகிறார்கள். ராப்சன் அவர்களோடு சேர்ந்து நடந்தார், பாடினார், அவர்கள் ஊர் திரும்ப உதவி திரட்டினார். அன்று ஏற்பட்ட உறவு கடைசிவரை அறுபடவில்லை. கறுப்பனுக்குக் கீழ்வரிசை என்கிற அதே கைகள்தான் வெள்ளைத் தொழிலாளியின் சோற்றிலும் கை வைக்கின்றன என்று அவர் தெரிந்துகொண்டார்.

அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது மிஸிஸிப்பி நதியைப் பற்றிய ஒரு நாடகப் பாட்டு. படகுத்துறையில் மூட்டை தூக்கும் கறுப்புக் கூலியாள் தன் களைப்பையும் பயத்தையும் சொல்லிப் புலம்புகிற பாட்டு. சில வருஷங்களுக்குப் பிறகு ராப்சன் அதன் வார்த்தைகளை மாற்றிவிட்டார். புலம்பல் இருந்த இடத்தில் சாகும்வரை போராடுவேன் என்ற உறுதியை வைத்துப் பாடினார். மெட்டு அதே மெட்டு. பாடுகிறவன் வேறு மனிதன்.

1937-ல் ஸ்பெயின் நாட்டு மக்களுக்காக லண்டனில் நடந்த பெருங்கூட்டத்தில், கலைஞன் நடுநிலை என்று ஒதுங்க முடியாது, சுதந்திரத்தின் பக்கமா அடிமைத்தனத்தின் பக்கமா என்று முடிவு செய்தே ஆகவேண்டும் என்று பேசினார். பேசிவிட்டு வீட்டில் உட்காரவில்லை. 1938 ஜனவரியில் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கே போய்ப் போராளிகளுக்குப் பாடினார்.

பேச்சுக்குக் கொடுத்த விலை

யுத்தம் முடியும் தறுவாயில் அவர் புகழின் உச்சியில் இருந்தார். 1943 - 44-ல் நியூயார்க்கில் அவர் நடித்த ‘ஒதெல்லோ’ நாடகம் 296 முறை நடந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அங்கே அவ்வளவு காலம் தொடர்ந்து ஓடியதில்லை. வருஷ வருமானம் லட்சம் டாலரை எட்டியது. வாயை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் பாடியிருந்தால் மாளிகையில் வாழ்ந்து மறைந்திருக்கலாம்.

அப்போது யுத்தத்திலிருந்து திரும்பிய கறுப்புச் சிப்பாய்களைத் தென் மாகாணங்களில் வெள்ளைக் கும்பல்கள் கொன்றன. விசாரணை இல்லை, தண்டனை இல்லை. 1946 செப்டம்பரில் ராப்சன் ஒரு தூதுக்குழுவோடு ஜனாதிபதி ட்ரூமனைப் பார்த்து, இந்தக் கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் செய்யுங்கள் என்று கேட்டார். அதற்கு இது சமயமல்ல என்றார் ட்ரூமன். சர்க்கார் காப்பாற்றாவிட்டால் எங்கள் மக்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்வார்கள் என்று ராப்சன் பதில் சொன்னார்.

1949-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் அவர் பேசியதைத் திரித்துப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. தேசத்துரோகி என்று பட்டம் கட்டினார்கள். ஒரு பிரபலத்தின் சொல்லை வெட்ட இன்னொரு பிரபலத்தின் சொல்லைத் தேடினார்கள். பெரிய பேஸ்பால் அணிகளில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனை அதே கமிட்டி முன்னால் கூப்பிட்டு, ராப்சனுக்கு எதிராகப் பேசவைத்தார்கள். அவரும் பேசினார். நிறவெறி என்பது கம்யூனிஸ்டுகள் கட்டிவிட்ட கற்பனை அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆனால் பத்திரிகைகள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பெரிதாகப் போட்டன. பல வருஷங்கள் கழித்து, தமது கடைசிக் காலத்தில் எழுதிய சுயசரிதையில், தம் மக்களுக்காகத் தம்மையே தியாகம் செய்த ராப்சன்மீது தமக்கு மதிப்பு கூடியிருப்பதாக ராபின்சன் ஒப்புக்கொண்டார்.

அதே வருஷம் ஆகஸ்டு 27-ம் தேதி நியூயார்க் அருகே பீக்ஸ்கில் என்ற ஊரில் ராப்சன் பாட இருந்தார். வெறிக்கும்பல் புகுந்து வந்தவர்களை அடித்தது; கச்சேரி நடக்கவில்லை. பாடியே தீருவேன் என்றார் ராப்சன். செப்டம்பர் 4-ம் தேதி மறுபடி கூட்டம் போட்டார்கள். சுமார் இருபதாயிரம் பேர் வந்தார்கள். ஆயிரக்கணக்கான யூனியன் தொழிலாளர்கள் தோளோடு தோள் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி மதில் கட்டியது போல் நின்றார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்றார்கள். அந்த மதிலுக்குள் ராப்சன் பாடினார். கூட்டம் முடிந்து திரும்பும்போது வழிநெடுகிலும் கார்கள்மீதும் பஸ்கள்மீதும் கல்மாரி. போலீஸ் தடுக்கவில்லை. 140-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

தோழர்களே, இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ராப்சன் குரல் பெரிய குரல்தான். ஆனால் அன்று அது கேட்டதற்குக் காரணம் அந்த மனித மதில்.

கம்பியில் வந்த குரல்

பிறகு வேறு வழியில் கழுத்தை நெரித்தார்கள். மண்டபம் வாடகைக்குக் கிடைக்கவில்லை. ரிக்கார்டு கம்பெனிகள் கைவிட்டன. 1950-ல் பாஸ்போர்ட்டும் போயிற்று. வருமானம் லட்சத்திலிருந்து சில ஆயிரமாகச் சுருங்கியது. கறுப்பர்கள் நடத்தப்படும் விதத்தை வெளிநாடுகளில் போய்ப் பேசுகிறார் என்பதையும், ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக்காக வேலை செய்கிறார் என்பதையும் சர்க்காரே காரணமாகச் சொன்னது. எது குற்றமாம் பாருங்கள்! கொலை செய்தது குற்றமில்லை. கொலை நடக்கிறது என்று வெளியே சொன்னதுதான் குற்றம்!

ஆனால் தொழிலாளர்கள் விடவில்லை. கனடா சுரங்கத் தொழிலாளர் யூனியன் தன் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. கனடாவுக்குப் போக அமெரிக்கனுக்கு அப்போது பாஸ்போர்ட்டே தேவையில்லை. இருந்தும் 1952-ல் எல்லையில் தடுத்து நிறுத்தினார்கள். அவர் டெலிபோன் வழியாகவே மாநாட்டில் பேசினார், பாடினார். அதோடு விட்டார்களா? மே 18-ம் தேதி எல்லைக்கோட்டிலேயே கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்க மண்ணில் ஒரு லாரியின் மேல் நின்று ராப்சன் பாடினார். இருபுறமும் பல்லாயிரம் பேர் திரண்டு கேட்டார்கள்.

வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களும் பழைய உறவை மறக்கவில்லை. 1957 அக்டோபரில் அவர்கள் தங்கள் இசைவிழாவுக்கு அவரை அழைத்தார்கள். ஆள் வர முடியாது. ஆகவே அட்லாண்டிக் கடலுக்கடியில் புதிதாகப் போட்டிருந்த டெலிபோன் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து அவர் பாட, கடலுக்கு இந்தப் புறத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கேட்டார்கள். திருப்பி அவருக்காகப் பாடினார்கள். முப்பது வருஷங்களுக்கு முன் பசியோடு நடந்தவர்களுடன் நடந்தாரே, அந்தக் கடனை அவர்கள் தீர்த்தார்கள்.

1958-ல் அவருடைய அறுபதாவது பிறந்தநாளை நம் நாட்டிலும் கொண்டாடினார்கள். அமெரிக்க அதிகாரிகள் தடுத்துப் பார்த்தார்கள். பிரதமர் நேரு பின்வாங்காமல், மனித கௌரவத்துக்காகத் துன்பப்பட்டவர் இவர் என்று பாராட்டி அறிக்கை விட்டார். அதே வருஷம் ஜூன் மாதம், அபிப்பிராயத்துக்காக ஒருவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று, வேறொருவர் போட்ட வழக்கில், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ராப்சனுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1960-ல் ஆஸ்திரேலியா போனபோது, சிட்னி நகரில் கட்டிக்கொண்டிருந்த ஆபரா மண்டபத்தின் தொழிலாளர்களுக்கு அவர் பாடினார். அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெரிய கலைஞர் அவர்தான். கேட்டவர்கள் சாரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த கொத்தனார்களும் சித்தாட்களும்.

அவர் பேசாத இடம்

இத்தோடு முடித்தால் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பாதி உண்மையோடு உங்களை அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

1949 ஜூனில் ராப்சன் மாஸ்கோ போனார். அங்கே அவருக்கு இரண்டு யூத நண்பர்கள். நடிகர் மிகோயெல்ஸ், கவிஞர் ஃபெஃபர். மிகோயெல்ஸ் 1948-ல் கொல்லப்பட்டார். கார் விபத்து என்று வெளியே சொன்னார்கள். ஃபெஃபர் சிறையில் இருந்தார். ராப்சன் கேட்டதால் ஃபெஃபரைச் சிறையிலிருந்து ஹோட்டலுக்கு அழைத்து வந்தார்கள். வாய்விட்டுப் பேச முடியாமல், தனக்குச் சாவுதான் என்று ஃபெஃபர் சைகையால் தெரிவித்தார் என்று ராப்சனின் மகன் பின்னாளில் எழுதினார். அன்றைய கச்சேரியில் ராப்சன் இருவர் பெயரையும் மேடையில் சொல்லி, யூத மக்களின் எதிர்ப்புப் பாடல் ஒன்றைப் பாடினார். அந்த இடத்தில் அதற்கும் துணிச்சல் வேண்டும்.

ஆனால் ஊர் திரும்பியதும், அங்கே யூதர்களுக்குக் கொடுமை எதுவும் இல்லை என்றே பத்திரிகைகளிடம் சொன்னார். 1952 ஆகஸ்டு 12-ம் தேதி ஃபெஃபரைச் சுட்டுக் கொன்றார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது ராப்சன் புகழ்ந்து எழுதினார். 1956 விசாரணைக்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன்புதான் ஸ்டாலின் காலக் குற்றங்களைப் பற்றிய குருஷ்சேவ் பேச்சு அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்திருந்தது. அதைப் பற்றிக் கமிட்டி கேட்டபோது, அது சோவியத் மக்கள் விவகாரம், கறுப்பர்களைக் கோடிக்கணக்கில் பலிகொடுத்தவர்களின் பிரதிநிதிகளோடு அதை விவாதிக்க மாட்டேன் என்றார்.

ஏன் மறைத்தார்? தான் சொல்லும் ஒரு வார்த்தையைக் கறுப்பு மக்களை அடிக்கும் தடியாக எதிரி எடுத்துக்கொள்வான் என்று பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்டவர்களும் நியாயவான்கள் அல்ல. ஆனால் கேட்டவன் அயோக்கியன் என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. செத்தவன் செத்தவன்தான். உலகெங்கும் நம் இயக்கத்தில் அன்று பலர் இதே மௌனத்தைச் சாதித்தார்கள். இதை எதிரி சொல்லிக் கேட்பதைவிட நாமே சொல்வது மேல்.

தோழர்களே, இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் மக்களைப் பற்றிப் பேசியபோது கோட்டை கிடுகிடுத்தது. நண்பனைப் பற்றிய கேள்விக்கு அதே குரல், அதே துணிச்சல் உள்ள மனிதரிடமிருந்து நேரான பதில் வரவில்லை. அந்தப் பதில் எவர் நெஞ்சையும் தொடவில்லை. அப்படியானால் பலம் குரலில் இல்லை, புகழில் இல்லை. உண்மையைச் சொல்லி அதற்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பதில்தான் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கூலி உயர்வு கேட்டுப் பேசினோம். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் ஒரு பாட்டியம்மா வந்து, “தம்பி, கூலியைப் பத்தி நல்லாப் பேசுனீங்க. முக்குல இருக்கிற டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளரு. நம்ம சங்கத்து ஆளுங்களும் அங்கதான் டீ குடிக்கிறாங்க. அதை ஏன் பேசல?” என்று கேட்டார். பேசினால் சங்கத்தில் பிளவு வரும் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது உண்மை. அந்த அம்மாவுக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தை அந்த டீக்கடை வாசலில் போட்டோம். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தெரு ஜனங்கள் அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ராப்சன் 1976 ஜனவரி 23-ம் தேதி, நோயுற்று ஒதுங்கியிருந்த நிலையில் காலமானார். அவர் குரல் நமக்கு வராது. அவர் படிப்பும் நமக்கு இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நின்றதே அந்த மனித மதில், அது நம்மால் ஆகிற காரியம். நியாயம் பேசுகிற ஒருவன், அவன் பேர் பெற்றவனானாலும் சரி, பேர் தெரியாத ஒரு களை பறிக்கும் பெண்ணானாலும் சரி, தனியாக நிற்காதபடி தோள் கொடுப்போம். நம் பக்கத்திலேயே தவறு நடந்தால் அதையும் வாய் திறந்து சொல்வோம். அப்படிச் சொல்கிற சங்கத்தின் பேச்சைத்தான் ஜனங்கள் நம்புவார்கள், தோழர்களே!